டெக்கில் நிற்கும் தண்ணீர்

(சிங்கப்பூரின் பொங்கோலில் சிறு படகு வைத்திருப்பவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒரு ஓட்டையைப் பற்றி ஒரு மணி நேரமா?" என்று உள்ளே வரும்போது ஒருவர் கேட்டார். ஆமாம், ஓட்டையைப் பற்றித்தான். மீன்பிடிக்கப் போகும் சிறு படகின் டெக்கில் விழுகிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போக வேண்டும்? அதற்கு எத்தனை துளை, எந்த உயரத்தில்? அவற்றில் எந்த மாதிரி ஸ்கப்பரை, அதாவது வடிகால் வாயை, வாங்கிப் பொருத்துவது? பின்வரிசையில் கப்பல் யார்டில் வேலை செய்யும் தம்பிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரிய கப்பலில் இதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகி வந்துவிடும், நீங்கள் பற்றவைத்துவிட்டுப் போய்விடலாம். ஆறு மீட்டர் ஃபைபர் படகுக்கு வரைபடம் போட ஆளில்லை. வாங்கியவரும், வார இறுதியில் கையில் துளைப்பான் எடுக்கும் நண்பரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். கடையில் எது தொங்குகிறதோ அதை வாங்கி, எங்கே கை எட்டுகிறதோ அங்கே துளை போடுகிறார்கள். அந்த வரிசையையே தலைகீழாக மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன். கடை கடைசியில் வரட்டும்.

இந்த ஊருக்கும் படகுக்கும் உள்ள உறவு பழையது. சிராங்கூன் ஆற்றோரம் காங்காரில் மீனவர்கள் இருந்தார்கள், மொத்த மீன் சந்தை இருந்தது. 1980களில் அது பொங்கோல் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தது. 1997இல் செனோக்கோவுக்குப் போனது. செனோக்கோவும் 2024இல் மூடப்பட்டு, இப்போது மிஞ்சியிருப்பது 1969இல் தொடங்கிய ஜூரோங் துறைமுகம்தான். பெரிய படகுகள் இப்படி இடம் மாறிக்கொண்டே போய்விட்டன. பொங்கோல் முனையில் நின்று உபின் தீவைப் பார்த்தால் இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் தூண்டில்காரர்களின் ஃபைபர் படகுகளும், லோரோங் ஹாலுஸ் பக்கத்திலிருந்து மீன் பண்ணைகளுக்குத் தீவனமும் ஐஸும் ஏற்றிப் போகும் படகுகளும்தான். நான் பேசுவது இவற்றைப் பற்றி.

ஜொகூர் நீரிணை அமைதியான தண்ணீர், இதில் என்ன ஆபத்து என்று நினைப்பீர்கள். அலை இங்கே பெரிதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெக்கில் தண்ணீர் வருவதற்கு அலை மட்டுமா காரணம்? வேகமாகப் போகிற இன்னொரு படகு கிளப்பும் அலை பக்கச்சுவரைத் தாண்டி உள்ளே விழும். ஓட்டத்தில் இருக்கும் நீங்களே திடீரென்று வேகத்தைக் குறைத்தால், உங்கள் பின்னால் வந்த அலை உங்களையே எட்டிப் பிடித்து எஞ்சின் பக்கமாக ஏறும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியும் முன்னே, சுமத்ரா காற்று வரிசை கட்டி வருகிறது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும், மழையும் கூடவே கொட்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி உங்கள் படகின் மேல் விழுவது நீங்கள் படகில் இல்லாத நேரத்தில்.

முதலில் எடையைப் பார்ப்போம். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள ஒரு பின்தளம். அதில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே. கணக்குப் போடுங்கள்: 300 லிட்டர். ஏறத்தாழ 300 கிலோ, நான்கு பெரிய ஆட்கள். அந்த நான்கு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் படகு தாங்கும். தண்ணீர் உட்காராது. படகு இடப்பக்கம் ஒரு விரல் சாய்ந்தால் 300 கிலோவும் இடப்பக்கம் ஓடும், சாய்வு கூடும், கூடினால் இன்னும் ஓடும். கப்பல் கட்டுபவர்கள் இதைச் சுதந்திர நீர்ப்பரப்பின் விளைவு என்பார்கள். இது அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு வளர்வது. தண்ணீர் பரவும் அகலம் இரட்டித்தால் கேடு எட்டு மடங்காகும். அதே அகலத்தை நடுவில் ஒரு தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தால் கேடு கால்பங்காகக் குறையும். அகன்ற, வழவழவென்ற, தடையில்லாத டெக் மீன்பிடிக்க வசதிதான். தண்ணீருக்கும் அது அதே அளவு வசதி.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? டெக்கே வைக்கவில்லை. கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். நான்கைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்தார்கள். சோழமண்டலக் கரையில் அலை முறியும் இடத்தை அதன்மேல் ஏறித்தான் கடந்தார்கள். அலை மேலே விழுந்தது, மரங்களுக்கிடையே வழிந்து போனது. உள்ளே என்று ஓர் இடமே இல்லாததால் இறைப்பதற்கும் ஒன்றுமில்லை. வள்ளத்துக்கு வந்தால் உள்ளே என்று ஓர் இடம் வந்துவிட்டது, அதோடு ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிலையும் வந்தது.

1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கியது. கரையிலிருந்தே தள்ளி இறக்கக்கூடிய ஃபைபர் படகுகளை அவர்கள் வடிவமைத்தபோது, உள்ளே வந்த தண்ணீர் ஆள் கை வைக்காமல் தானாக வெளியேற வேண்டுமே என்ற கேள்வி முதலிலேயே எழுந்தது. அந்த வேலையில் ஈடுபட்ட நார்வேக்காரர் ஓய்விந்த் குல்பிராண்ட்சன், பின்னாளில் 2009இல், சிறு மீன்பிடிப் படகுகளுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடே எழுதினார். படம் படமாக வரைந்த கையேடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும் அந்தத் திட்டம் நடந்த காலத்திலேயே பிளைவுட் படகு கட்டும் பட்டறை ஒன்று நடந்தது. பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே அங்கே மீனவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். இவர்கள் எல்லாரும் கட்டுமரத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவற்றைக் கட்டிய எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருந்ததாகச் சொல்ல முடியாது.

சரி, பொங்கோலுக்கு வருவோம். உங்கள் படகில் முதலில் அளக்க வேண்டியது துளையை அல்ல, டெக்கின் உயரத்தை. வெளியே உள்ள கடல்மட்டத்துக்கு மேலே டெக் இருந்தால் துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். டெக் கீழே இருந்தால் அதே துளை வழியாகக் கடல் உள்ளே வரும். துளைக்கு நீங்கள் எந்த நோக்கத்தில் போட்டீர்கள் என்று தெரியாது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் அளக்கும்போது காலிப் படகை அளக்கிறார்கள். படகு காலியாகவா கடலுக்குப் போகிறது?

நிறைய எரிபொருள், ஐஸ் நிறைந்த பெட்டி, உயிர் இரை வைத்திருக்கும் தொட்டியில் தண்ணீர், வழக்கமாக வரும் ஆட்கள். எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஆட்கள் எல்லாரையும் பின்மூலையில் நிற்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பெரிய மீன் மாட்டினால் எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள். அப்போது டெக்கின் மிகத் தாழ்ந்த புள்ளி கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மீட்டர் படகில் எடையைச் சீராகப் பரப்பினால், ஏறத்தாழ 80 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் படகு தாழும். அதே எடையைப் பின்மூலையில் வைத்தால் அந்த மூலை அதைவிட நன்றாகவே தாழும். ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி என்று நினைத்திருந்தவருக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போவதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பழைய கதை அடிக்கடி நடக்கிறது. பழைய இரு-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்டுகிறோம். புகை குறைவு, சத்தம் குறைவு, நல்ல காரியம். ஆனால் 40 குதிரைத்திறனில் பழையது 70, 80 கிலோ என்றால் புதியது 95, 100 கிலோ. கூடவே "சரி, செலவு செய்வதுதான் செய்கிறோம்" என்று 60 குதிரைத்திறனாக வாங்குவோம். அது இன்னும் கனம். எல்லாம் படகின் கடைக்கோடியில் தொங்குகிறது. அதுவரை காற்றில் இருந்த ஸ்கப்பர் வாய் தண்ணீருக்குள் போய்விடும். காலையில் வந்து பார்த்தால் டெக்கின் பின்மூலையில் எப்போதும் ஒரு குட்டை. ஸ்கப்பர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள். குட்டை அப்படியே இருக்கும்.

டெக் தாழ்வதற்குப் பழைய படகுகளில் இன்னொரு காரணமும் உண்டு. 1958இல் அமெரிக்காவில் பாஸ்டன் வேலர் என்ற படகு வந்தது. இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கிடையே நுரையை நிரப்பிய படகு. விளம்பரத்துக்காக ரம்பத்தால் பாதியாக அறுத்து, பாதிப் படகையே ஓட்டிக் காட்டினார்கள். அதன்பிறகு நுரை நிரப்புவது உலகம் முழுக்கப் பரவியது. மூழ்காது என்பது உண்மை. ஆனால் டெக்கில் திருகாணிகள் போட்ட இடங்கள் வழியாக ஆண்டுக்கணக்கில் கசிந்தால், தரமற்ற நுரை தண்ணீரைக் குடித்துக் கனக்கும். கட்டுமர மரங்களும் ஊறிக் கனக்கும். அதனால்தான் கரைக்கு வந்ததும் பிரித்துக் காயவைத்தார்கள். ஃபைபர் படகைப் பிரித்துக் காயவைக்க முடியாது. பழைய படகு வாங்குபவர்கள், முடிந்தால் பளுத்தூக்கியில் எடையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உயரம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது துளையின் அளவு. இங்கே கொஞ்சம் நிதானிக்கப் போகிறேன், ஏனென்றால் அளவு விஷயத்தில் நம் கண் நம்மை நன்றாக ஏமாற்றும்.

முதலில் சொன்ன அதே பின்தளம், அதே பத்து சென்டிமீட்டர் தண்ணீர், இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு துளை. துளையின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் வடிய 12 நிமிடம் ஆகும். 38 மில்லிமீட்டர் என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே. 50 மில்லிமீட்டர் என்றால் மூன்று நிமிடம். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, அவ்வளவுதான் சூட்சுமம். இது ஏட்டுக்கணக்கு. படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கத்துத் துளைக்கே வரும், நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். சல்லடை, மடிப்பு, ஹோஸ் என்று ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தும். 12 நிமிடம் என்பது அரை மணி நேரமாவதற்கு அதிகம் தேவையில்லை. அந்த அரை மணி நேரத்தில் இரண்டாவது அலை வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்?

தானாக வடியும் தளங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 11812 என்ற தர விதி இருக்கிறது. வட்டத் துளையானால் விட்டம் 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அது அடிமட்ட வரம்பு. உல்லாசப் படகுகளை மனதில் வைத்து எழுதியது. மீன் செதிலும் இறால் ஓடும் அறுந்த தூண்டில் நரம்பும் கிடக்கும் டெக்குக்கு 25 போதாது என்பது என் அபிப்பிராயம். 38 நல்லது, இடம் இருந்தால் 50 போடுங்கள். கடையில் "ஒன்றரை அங்குலம்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்த ஒன்றரை அங்குலம் அதில் மாட்டும் ஹோஸின் அளவு. உள்ளே தண்ணீர் போகும் வழியை அளந்தால் பல தயாரிப்புகளில் 32 மில்லிமீட்டர்தான் இருக்கும். பரப்பில் அங்கேயே முப்பது விழுக்காடு போய்விட்டது. அளக்கும் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பக்கச்சுவர் உயரமான, கொஞ்சம் பெரிய படகு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கப்பர் வேறு, பக்கச்சுவரின் அடியில் நீளமாக வெட்டிவிடும் வடிவாய் வேறு. ஸ்கப்பர் மழைக்கும் கழுவும் தண்ணீருக்கும் ஆனது. பக்கச்சுவரைத் தாண்டி ஒரு முழு அலை விழுந்தால் அதை ஸ்கப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. 12 மீட்டர் மீன்பிடிப் படகுக்குச் சர்வதேச வழிகாட்டுதல்கள் கேட்பது, பக்கச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், ஒவ்வொரு பக்கமும், 0.035 சதுர மீட்டர் திறப்பு. இதை 38 மில்லிமீட்டர் துளைகளாகப் போடுவதானால் மீட்டருக்கு 31 துளை வேண்டும். சுவரே சல்லடையாகிவிடும். நம் ஆறு மீட்டர் படகுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அலைத்தண்ணீர் என்ன அளவில் பேசுகிறது என்பது இதில் தெரிகிறது. மீன் நழுவாமலிருக்க என்று அந்த வடிவாய்களைப் பலகை வைத்து அடைக்கும் பழக்கம் எல்லாக் கடல்களிலும் உண்டு. மூடி வைக்கத்தான் வேண்டுமென்றால் வெளிப்பக்கமாகத் தானே திறக்கும் மூடி வையுங்கள், கொண்டி போடாதீர்கள், கீலின் ஊசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

இனி, துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் தடுக்கும் வால்வுகள். இங்கேதான் கடையில் வகை வகையாகத் தொங்கும். வெளிப்பக்கம் ஒரு ரப்பர் மடிப்பு தொங்குவது ஒரு வகை. உள்ளே ஒரு பந்து இருந்து, கடல் ஏறினால் பந்து மிதந்து வாயை அடைப்பது ஒரு வகை. வாத்தின் அலகு மாதிரி இரண்டு ரப்பர் உதடுகள் சேர்ந்திருப்பது மற்றொரு வகை. பந்து வகை பார்க்க அழகு, பொறியியலும் அழகு. ஆனால் மீன்பிடிப் படகுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு செதில் பந்துக்கும் வாய்க்கும் நடுவே ஒட்டிக்கொண்டால் அடைப்பு அடைப்பாக இருக்காது, அது கண்ணுக்கும் தெரியாது. வாத்து அலகு நன்றாக மூடும். ஆனால் நம் வெதுவெதுப்பான கடலில் கொட்டலசு ஒட்டி வளர்ந்து உதடுகளைப் பிரித்துவிடும். தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருந்தால் மட்டுமே அது சரிப்படும். வெளிப்பக்க ரப்பர் மடிப்புதான் என் தேர்வு. முட்டாள்தனமாக எளிமையானது. என்ன ஆனாலும் கண்ணால் பார்க்கலாம், விரலால் தூக்கிப் பார்க்கலாம். வெயிலில் ரப்பர் விறைத்து வளைந்துவிடும். மாற்று ரப்பர் தனியாக விற்கும் தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் பக்கம் வாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த மடிப்பு கட்டாயம், ஏனென்றால் படகைப் பின்னோக்கி ஓட்டும்போது தண்ணீர் நேராக அந்த வாயில்தான் மோதும்.

ஆனால் எந்த வால்வும் உயரத்துக்கு மாற்று ஆகாது. வெளியேற்றும் துளை உள்வாங்கும் துளையானால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1974 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து இழுவலைக் கப்பல் 'கால்' நார்வேக்கு வடக்கே புயலில் காணாமல் போனது. 36 பேர். உதவி கேட்டு ஒரு குரல்கூட வரவில்லை. உளவு பார்க்கப் போனது, ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் இருபது வருடம் பேசினார்கள். 1997இல் சிதைவு கிடைத்தது. மறுவிசாரணை 2004இல் முடிந்தபோது சொன்ன காரணத்தில் உளவும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. மீன் கழிவைக் கடலில் தள்ளுவதற்கு வைத்திருந்த சரிவுக்குழாய்களின் மூடிகள் திறந்து கிடந்தன, அவற்றின் வழியாகக் கடல் உள்ளே ஏறி மீன் பதப்படுத்தும் தளத்தை நிறைத்தது என்றது அந்த விசாரணை. பெரிய கப்பல், வேறு கடல். ஆனாலும் பக்கவாட்டில் ஒரு வாய், அதற்கு ஒரு மூடி, அந்த மூடியின் நிலை யாருக்கும் தெரியாமல் போனது என்ற அளவில் நம் படகுக்கும் அந்தக் கப்பலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

துளையின் மேல் வைக்கும் சல்லடையைப் பற்றி இரண்டே வார்த்தை. சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பு கீழே உள்ள குழாயின் பரப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். திருகாணி இல்லாமல் கையால் கழற்றும்படி இருக்க வேண்டும். வழுக்கும் கையோடு, மழையில், இருட்டில் யாரும் திருகாணி கழற்றப் போவதில்லை. பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளின் வெட்டிய வால் துண்டுகளை டெக்கில் போடாதீர்கள், குழாயைப் பார்த்துப் போய் மாட்டுவதில் அவற்றுக்கு நிகர் வேறில்லை.

பொருள் என்ன? நான்கு வகை கிடைக்கும். பித்தளையை விட்டுவிடுங்கள். பளபளப்பாக, மலிவாக இருக்கும். உப்புத் தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டு போய்விடும்; மிஞ்சுவது சிவந்து, நொறுங்கும் செம்பு. வெளியே பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும், சாவியால் தட்டினால் உடையும். வெண்கலம் அப்படியில்லை, தலைமுறைக்கு நிற்கும். ஆனால் அலுமினியப் படகில் வெண்கலத்தை நேரடியாக வைத்தால் அலுமினியம் அரிபடும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வெளியே காற்றுபடும் இடத்தில் நன்றாக இருக்கும். சீலன்டுக்குள் மூச்சுமுட்டக் கிடக்கும் இடத்தில் குழிகுழியாக அரிக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி. சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் நம் வெயிலில் சில வருடங்களில் வெளுத்து, விளிம்பில் வெடிக்கும். நைலானில் கண்ணாடி இழை கலந்த ரகம் வேறு. அது அரிப்பதில்லை, கனமில்லை, பல நல்ல யார்டுகளில் நீர்மட்டத்துக்குக் கீழேயே வைக்கிறார்கள். ஆறு மீட்டர் ஃபைபர் படகுக்குக் காசும் பலமும் பார்த்தால் நான் அதைத்தான் எடுப்பேன். காசு பிரச்சினையில்லை என்றால் வெண்கலம்.

துளை போடும்போது கவனிக்க வேண்டியது ஃபைபரை அல்ல, அதற்கு நடுவே இருப்பதை. பல படகுகளில் டெக்கும் பின்சுவரும் இரண்டு ஃபைபர் தோல்களுக்கிடையே பிளைவுட்டோ பால்சா மரமோ வைத்துச் செய்தவை. துளை போட்டதும் மரத்தின் வெட்டுமுகம் திறந்துகொள்கிறது. சீலன்ட் மட்டும் தடவிவிட்டால் ஒரு நாள் அது விடும், மரம் குடிக்கும், அழுகும். பிறகு எஞ்சின் தொங்கும் பின்சுவரே மெத்தையாகும். வேண்டியதைவிடப் பெரிதாகத் துளை போடுங்கள், கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் முழுக்க அடையுங்கள், இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் துளையுங்கள். ஒரு நாள் கூடுதல் வேலைதான். சீலன்டில் சிலிக்கோன் வேண்டாம்; பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பாலிசல்பைடு நல்ல சரக்கு, ஆனால் சில பிளாஸ்டிக்குகளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் ஸ்கப்பருக்குப் பாலியூரித்தேன் போடுங்கள்.

டெக்கிலிருந்து வெளிச்சுவருக்கு ஹோஸ் போகிறதென்றால் அது முழுக்கக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் தங்கும், அதில் செதில் அழுகும், நாற்றத்தை உங்கள் வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். இரு முனைகளிலும் இரண்டிரண்டு கிளிப். கிளிப்பின் பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருந்தும், அதன் திருகாணி மலிவான இரும்பாக இருக்கும் தயாரிப்புகள் இங்கே தாராளமாக விற்கின்றன. சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். திருகாணியில் காந்தம் இறுக ஒட்டினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

எதையும் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது: சிலர் டெக் தண்ணீரை வெளியே விடாமல் அடியில் உள்ள பில்ஜுக்குள் இறக்கி, அங்கிருந்து பம்பால் வெளியே தள்ளுகிறார்கள். வெளிச்சுவரில் துளை போடப் பயம் என்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 500 என்று எழுதிய பம்ப், ஏட்டின்படி மணிக்கு 500 அமெரிக்க காலன் தள்ளும். நிமிடத்துக்கு 31 லிட்டர். ஹோஸ் மேலே ஏறி இறங்கினால் அதிலும் குறையும். முன்சொன்ன பின்தளத்தில் இரண்டு 38 மில்லிமீட்டர் துளைகள், தண்ணீர் பத்து சென்டிமீட்டர் நிற்கும்போது, நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் வெளியே விடும். அதற்கு பேட்டரி வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம், நீங்கள் படகில் இருக்கவும் வேண்டாம். பம்ப் நின்ற நாளில் டெக்கில் விழும் மழையெல்லாம் படகின் வயிற்றுக்குள் போகும். போதாக்குறைக்கு பில்ஜில் எண்ணெய் கலந்திருந்தால், அதைக் கடலில் தள்ளுவது இந்த ஊரில் சட்டப்படி குற்றம். கடல் மாசுத் தடுப்புச் சட்டம் 1990இலிருந்து இருக்கிறது.

மழையைப் பற்றி ஒன்று. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கனத்தில் பெய்யும் மழை 12 சதுர மீட்டர் டெக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டும். இரண்டு திறந்த ஸ்கப்பர்களுக்கு அது விளையாட்டு. ஒரு காய்ந்த இலை சல்லடையில் படிந்து, இன்னொரு பக்கம் நைலான் கயிற்றுச் சுருள் கிடந்தால், ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர் டெக்கில் சேரும். பலத்த காற்றோ பேரலையோ வேண்டாம், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு உட்கார்ந்துவிடும். டிசம்பர் மழை தொடங்கும் முன் டெக்கில் சும்மா கிடக்கும் பொருள்களை எல்லாம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தூண்டில் வாங்கிக் குவிக்கும்போது இடம் இருந்த வீட்டில் இதற்கும் இடம் இருக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதுள்ள துளைகளை மரக்கட்டையால் அடைத்துவிட்டு, வாளியை எண்ணி டெக்கில் ஊற்றுங்கள். படகில் வழக்கமான ஆட்கள், வழக்கமான சுமை. ஐந்தாறு சென்டிமீட்டர் நின்றால் போதும், அதற்கு மேல் ஊற்றி வம்பை விலைக்கு வாங்காதீர்கள். படகு கட்டுத்துறையில் இறுகக் கட்டியிருக்கட்டும். தண்ணீர் எந்த மூலையில் சேருகிறது என்று பாருங்கள். பல படகுகளில் டெக் நடுவில் தொய்ந்து, மூலைத் துளைக்கே தண்ணீர் வராது. பிறகு கட்டையை எடுத்துவிட்டு நேரம் பாருங்கள். உள்ளே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். அந்த நேரமும் அந்த மூலையும் கையில் இருந்தால், என்ன அளவு, எத்தனை, எங்கே என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, நீங்களே சொல்வீர்கள்.

அந்த மரக்கட்டை என்றேனே, கூம்பு வடிவில் சீவிய மென்மரக் கட்டை. ஒவ்வொரு துளைக்கும் அதன் அளவில் ஒன்று செய்து, அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். ஹோஸ் பிய்ந்தாலும் ஸ்கப்பர் உடைந்தாலும் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் கரை சேரும் வரை பிடிக்கும். இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள் வைத்தால் தேடும்போது கிடைக்காது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எஞ்சின் விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.